கதவுநிலையில் நின்று பார்த்த திரை

எங்கள் நில அளவைக் கந்தோருக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

காணிக்குக் கொண்டுபோக மடிக்கணினிகள் வாங்கப் போகிறீர்களாம். திரை நல்லதா கூடாததா என்று எப்படிப் பார்ப்பது, நாலு வரியில் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாலு வரி எழுதினால் நாலு எண்கள்தான் வரும். அந்த எண்களைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், அவற்றைச் சொல்ல நான் வேண்டியதில்லை. நான் எழுதக்கூடியது ஒரு புதன்கிழமையைப் பற்றி.

நான் நில அளவையாளரின் கந்தோரில் படவரைஞனாக இருந்து ஓய்வு பெற்று இது மூன்றாவது ஆண்டு. சேர்ந்த நாளிலிருந்து விட்ட நாள்வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்தக் காணிக்கு என்ன கிழமை போனோம், மழை பெய்ததா, யார் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒளித்து வைத்தார்கள், எல்லாம் அதில் உண்டு. கந்தோரில் எனக்குப் பஞ்சாங்கம் என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கந்தோரில் கணினிகள் வந்த பிறகு, எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. நான் கணினி படித்தவனல்லன். ஆனால் கையில் அகப்படும் எதையும் கடைசிப் பக்கம்வரை வாசிப்பவன். ஒருவன் இயந்திரத்தோடு வரும் விபரத் தாளையும் அடிக்குறிப்பு விடாமல் வாசித்தால், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று கந்தோரில் முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு, ஆனி மாதத்தில், மூன்று மடிக்கணினிகள் வாங்குவதற்காக யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அலுவலகப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட வகை. கடை முதலாளி குளிரூட்டிய உள்ளறையில் யன்னல்சீலையை இழுத்து மூடிவிட்டு, கடலுக்கடியில் வர்ண மீன்கள் நீந்தும் படமொன்றைப் போட்டுக் காட்டினார். நான் மீனுக்கு மயங்குகிற ஆள் இல்லை. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் வெள்ளையும் வெறும் கறுப்பும் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூலைக்கு மூலை பார்த்தேன். ஒளி செத்த புள்ளி ஒன்றுமில்லை. எழுத்து கூராக இருந்தது. ஓரங்களில் வெளிச்சம் கசியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

அந்தக் கடையில் பழுது பார்க்கும் வேலை செய்யும் பிள்ளை ஒன்று, இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், கையில் ஆணி கழற்றும் திருப்புளியோடு மேசைக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, ஒருக்கா இந்தப் பக்கம் வந்து பாருங்கோ. இஞ்சையிருந்து பாத்தா நிறம் வெளிறுது."

"வேலை செய்யிற ஆள் நேரேதானே பிள்ளை இருப்பான். பக்கத்தில இருந்து பாக்க இது என்ன படக்கொட்டகையோ?"

முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. "கந்தோர் வேலைக்கு அதுதான் நல்லது ஐயா. பக்கத்தில இருக்கிறவன் எட்டிப் பாக்கேலாது," என்றார்.

பிள்ளை திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. மூன்றையும் வாங்கினேன். கந்தோர்ப் பதிவேட்டில், "திரை பரிசோதிக்கப்பட்டது. குறையில்லை," என்று எழுதி ஒப்பமிட்டேன். அந்த வரி இப்போதும் அங்கே இருக்கிறது. விரும்பினால் எடுத்துப் பாருங்கள்.

ஆவணியில் கொடிகாமத்துக்குத் தெற்கே ஒரு வளவைப் பங்கு பிரிக்கும் வேலை வந்தது. உரிமைக்காரர் இருவர். அண்ணன் யோகநாதன் வெளிநாட்டில் இருப்பவர். நல்லூர்த் திருவிழாவோடு வந்து, காணி அலுவலையும் முடித்துவிட்டுப் போக நின்றார். தங்கை புவனேஸ்வரி இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த வளவிலேயே இருப்பவர். பின்பக்கம், வீடு உள்ள துண்டு தங்கைக்கு. முன்பக்கம், றோட்டை ஒட்டிய துண்டு அண்ணனுக்கு. கிணறு முன்துண்டில். ஆகவே, தங்கைக்குக் கிணற்றில் பங்கும், வீட்டிலிருந்து கிணற்றடியால் றோட்டுக்கு வர ஒரு பாதையும் வேண்டும். எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் இந்த வரி இல்லாத உறுதி குறைவு. ஆனால் அந்த ஒரு வரி விட்டுப்போனால், நாளைக்கு முன்துண்டை இன்னொருவன் வாங்கி வேலியை அடைத்தான் என்றால், பின்னால் இருக்கிற குடும்பம் தண்ணீருக்கும் வழியில்லாமல் றோட்டுக்கும் வழியில்லாமல் நிற்கும். அப்படி நின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் கையெழுத்து. சனிக்கிழமை அண்ணனுக்குப் பயணம். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, வரைபடத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குவதற்காக நான் தனியாகப் போனேன். அளவையாளர் வேறொரு காணியில் நின்றார்.

இங்கே எங்கள் கந்தோர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு துண்டுக்குள்ளால் போகும் பாதையை நாங்கள் கறுப்புக் கோட்டால் அடைப்பதில்லை. நிலம் அண்ணனுடையது, நடக்கும் உரிமைதான் தங்கையுடையது. அதனால் மெல்லிய வெளிர்மஞ்சள் பூசி, ஓரத்தில் ஒரு புள்ளிக்கோடு போடுவோம். கடும் நிறம் போட்டால் அளவு எண்கள் மறையும். மை பூசிய காலத்திலிருந்து வந்த வழக்கம். கடதாசியில் அது ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் நான் வாங்கிய மடிக்கணினிகளில் ஒன்று, ஒரு கைபிடிக் கதிரை, ஒரு நீள மரவாங்கு. கைபிடிக் கதிரையை அண்ணனுக்குத் திரைக்கு நேரே போட்டவன் நானேதான். வெளியூரிலிருந்து வந்த மூத்தவர், அவரை வேறெங்கே இருத்துவது? நான் அவருக்கு அருகில் வாங்கின் நுனியில் இருந்தேன். தங்கை தேத்தண்ணித் தட்டோடு வந்து, எங்களுக்குத் தந்துவிட்டு, வெறுந்தட்டைப் பிடித்தபடி இடப்பக்கக் கதவுநிலையில் சாய்ந்து நின்றார். "இருங்கோ தங்கச்சி," என்றேன். "பரவாயில்லை ஐயா, இஞ்சையிருந்தே தெரியுது," என்றார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் நின்று தங்கள் காணியைப் பார்த்தார்கள். எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன் பார்த்தார், தலையாட்டினார். தங்கை எட்டிப் பார்த்தார்.

"என்ரை பாதை எங்கை?"

"இந்தா, மேற்கு வேலியோடை கிடக்கே," என்று அண்ணன் விரலை வைத்தார்.

"உதில ஒண்டும் இல்லை. வெறும் வெள்ளை."

"கண் தெரியேல்லையோ உனக்கு?"

"கண் நல்லாத் தெரியும் அண்ணை. போன கிழமை புரோக்கர் வந்து முன்காணியைச் சுத்திப் பாத்திட்டுப் போனதும் தெரியும்."

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது.

"நான் உன்னை ஏமாத்திறன் எண்டு சொல்லுறியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. பிளான் சொல்லுது."

எனக்கும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். என் வரைபடத்தில் ஒரு பாதை விட்டுப்போனதென்று அதுவரை யாரும் சொன்னதில்லை. "தங்கச்சி, அது நான் என்ரை கையால கீறினது," என்றேன்.

"அப்ப உங்கடை கைதான் மறந்திட்டுது ஐயா."

அண்ணன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "பிரிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். இருக்கிறபடி கிடக்கட்டும். நொத்தாரிசுக்குச் சொல்லிவிடுங்கோ ஐயா, வெள்ளிக்கிழமை நாங்கள் வாறேல்லை எண்டு."

இந்த இடத்தில் நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன். அந்த வெளிர்மஞ்சளைக் கடும் சிவப்பாக மாற்ற இரண்டு அமுக்குப் போதும். கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. வைத்த விரலை அப்படியே எடுத்துவிட்டேன். ஏனென்றால், இல்லாத இடத்தில் ஒரு சிவப்புப் பாதை தங்கையின் கண் முன்னாலேயே முளைத்தால், தான் சத்தம் போட்ட பிறகுதான் அதைப் போட்டார்கள் என்று அவர் சாகும்வரை நினைப்பார். அவருடைய பிள்ளைகளுக்கும் சொல்வார். அவருக்குப் பாதை கிடைத்திருக்கும், அண்ணன் என்ற உறவு போயிருக்கும்.

பிள்ளைகளே, ஒருவர் "தெரியவில்லை" என்று சொல்லும்போது, கோட்டைத் திருத்தும் முன் அவர் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நான் நினைக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைக்கிற சாட்டில் எழும்பிக் கதவுநிலைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தேன்.

பாதை இல்லை.

புள்ளிக்கோடும் இல்லை, மஞ்சளும் இல்லை. முற்றத்து வெளிச்சம் திரையில் விழுந்து கிடந்தது. அதற்குள் அண்ணனின் துண்டு வேலிக்கு வேலி ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. பாதையின் அகலத்தைச் சொல்லும் எண் அந்தத் தூரத்துக்கு ஒரு எறும்பு. பெரியகடையில் இடப்பக்கம் நின்ற அந்தப் பிள்ளையின் குரல் அப்போதுதான் என் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்.

"தங்கச்சி சொல்லுறது சரி," என்றேன். "இஞ்சையிருந்து பாத்தா இல்லைத்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, நீங்கள் போய் அந்தக் கதிரையில இருங்கோ," என்று சொல்லி அண்ணனிடம் திரும்பினேன். "தம்பி, நீங்கள் இதில வந்து நில்லுங்கோ."

"நான் ஏன் அதில நிக்க வேணும்?"

"ஒரு நிமிசம். பிறகு கோவிச்சுக்கொண்டு போங்கோ. நான் மறிக்கேல்லை."

தங்கை தட்டை என்னிடம் தந்துவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தார். குனிந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, விரலும் நீட்டவில்லை. சொல்லிக் காட்டினால் எவருக்கும் தெரியும். சொல்லாமல் தெரிய வேண்டும்.

"ஓம். மஞ்சளாக் கிடக்கு." இன்னும் குனிந்தார். "எட்டடியோ? ஆறெண்டெல்லோ கதைச்சது."

அண்ணன் கதவுநிலையில் சாய்ந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆறடியில ஓட்டோ வந்து திரும்பேலாது. பிள்ளையள் வளருதுகள். நான்தான் எட்டுப் போடச் சொன்னனான்."

அது உண்மை. அளவெடுத்த நாளன்று என்னிடம்தான் சொன்னார். என் நாட்குறிப்பிலும் இருக்கிறது. தான் கூடக் கொடுத்ததைத் தங்கை படத்தில் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்த மனிதர். அதைத்தான் நான் வாங்கிய திரை விழுங்கிவிட்டது.

"புரோக்கர் வந்ததும் உண்மைதான்," என்றார் பிறகு. "நாளைக்கு நான் வித்தாலும் பாதை அதோடை போகக் கூடாதெண்டுதானே பிளானில போடச் சொன்னனான்." இப்போதுதான் திரைப் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். ஒரு அடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போனார். "என்ன ஐயா இது? எனக்கு இப்ப ஒண்டும் காணேல்லை."

தங்கை கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். "கண் தெரியேல்லையோ அண்ணை உங்களுக்கு?"

முதலில் சிரித்தது அண்ணன்தான்.

நான் பெருமூச்சு விட்டு மடிக்கணினியை மூடப் போனேன். அங்கேயும் எனக்குப் பாடம் மிச்சமிருந்தது.

"பொறுங்கோ ஐயா," என்றார் தங்கை. சிரிப்பு போய்விட்டது. "நான் உதைப் பாத்து ஓம் எண்டு சொல்லமாட்டன். ஒரு கதிரையில இருந்தா மட்டும் தெரியிற பாதை எனக்கு வேண்டாம்."

அவர் சொன்னது முழு நியாயம். பிறகு எத்தனையோ விபரத் தாள்கள் வாசித்தேன். திரையைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக எவரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அன்று சம்மதம் வாங்காமலே திரும்பினேன். போகும் முன் அண்ணன் நாலு முளையும் அளவு நாடாவும் எடுத்துவரச் சொல்லி, வேலியிலிருந்து எட்டடி பிடித்து, தானே முளை அறைந்தார். "இது எந்தப் பக்கத்தால பாத்தாலும் தெரியும்," என்றார். தங்கை நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலை வரைபடத்தைப் பெரிய கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். அதே வெளிர்மஞ்சள்தான், நிறத்தை மாற்றவில்லை. பாதைக்குள் "புவனேஸ்வரியின் பாதை, எட்டடி" என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தேன். மேசையில் விரித்ததும் தங்கை கதவுநிலைக்குப் போய் ஒருமுறை பார்த்தார், முற்றத்தில் இறங்கி ஒருமுறை பார்த்தார். வந்து மேசைக்கு முன்னால் இருந்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிற்று.

அன்று பின்னேரம் அளவையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டி என் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு, "பஞ்சாங்கம் ஒருக்காப் பிழைச்சால் சூரியன் உதிக்காதோ?" என்றார். மூன்று மடிக்கணினிகளையும் கந்தோருக்குள் கடித வேலைக்கு ஒதுக்கினோம். அந்த வேலைக்கு அவை இன்றும் நன்றாகவே இருக்கின்றன. எழுதுபவன் நேரேதான் இருக்கிறான், எட்டிப் பார்க்கவும் யாருமில்லை. கூடாத திரை என்று ஒன்றை நான் வாங்கவில்லை. எங்கள் வேலையில் பக்கத்தில் நிற்பவர்தான் காணிக்குச் சொந்தக்காரர் என்பதை மறந்து வாங்கினேன்.

காணிக்குப் போக ஒன்று வேண்டுமே. மறு திங்கட்கிழமை அதே கடைக்குப் போனேன். முதலாளி மீனைப் போட வந்தார். வேண்டாம் என்று சொல்லி, என்னிடமிருந்த கொடிகாமத்து வரைபடத்தைத் திரையில் போடக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, அண்டைக்கு நீர் சொன்னதை நான் கேட்டிருக்க வேணும்."

"என்னத்தை ஐயா?" என்றது. மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடையில் இருந்த வேறு மூன்று வகை மடிக்கணினிகளைக் கடை வாசலுக்கு, வெயில் தெறிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். பிள்ளையை இடப்பக்கம் நிறுத்தினேன். முதலாளியை வலப்பக்கம். மின்கட்டணம் கட்ட வந்த வழியில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு அம்மாவை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அம்மா," என்று பின்னால் நிறுத்தினேன். படத்தில் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் சொல்லாமல், என்ன தெரியுது என்று மட்டும் கேட்டேன். முதலாவதில், மீனுக்குப் பேர்போன பளபளப்புத் திரையில், அந்த அம்மா, "என்ரை முகந்தான் தெரியுது," என்றார். இரண்டாவதில் முதலாளிக்குப் பாதை தெரியவில்லை. அவருடைய கடைச் சாமான்தான், ஆனாலும் பொய் சொல்லவில்லை. மூன்றாவது மங்கல் பூச்சுத் திரை. பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. "வேலியோடை மஞ்சளா ஒரு கோடு போகுது," என்றார் அம்மா. "வாய்க்காலோ?"

அதைத்தான் வாங்கினோம். இன்றைக்கு நீங்கள் மாற்றப் போகும் பழைய மடிக்கணினி அதுதான்.

அந்த நாளுக்குப் பிறகு பதிவேட்டில் மேலிருந்து கீழாக ஒரு புதுப் பத்தி கீறினேன். "எங்கிருந்து பார்த்தது" என்று தலைப்பு. எண்களை நீங்கள் எழுதுவீர்கள், அது எனக்குத் தெரியும். அந்தப் பத்தியை வெறுமையாக விடாதீர்கள். ஒரே ஒரு இடத்தின் பெயரை மட்டும் எழுதி ஒப்பமிடவும் வேண்டாம்.

அடுத்த மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதிவான உறுதியின் பிரதியைக் கொடுப்பதற்காகக் கொடிகாமம் போனேன். றோட்டிலிருந்து பாதையால் நடந்தேன். ஓட்டோ போய்வந்த தடம் விழுந்திருந்தது. மாரியில் வேலிக்கு நட்ட கிளுவங்கதியால்கள் இரண்டு பக்கமும் துளிர்விட்டிருந்தன. கிணற்றடியில் தங்கை கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, பாதையை வீடியோ அழைப்பில் அண்ணனுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தலையசைத்தார்.

"தெரியுதோ அண்ணை?"

"ஓம், நல்லாத் தெரியுது. கதியால் தளைச்சிட்டுது."

"அண்ணி பக்கத்தில இருக்கிறாவோ?"

"ஓம், இந்தா இருக்கிறா."

"அவவுக்குத் தெரியுதோ எண்டு கேளுங்கோ."